பதினேழாம் கட்டிலுக்கு ஒரு கள்ளச்சாவி

ஒரகடத்துக்கு மேற்கே, மின்கலத் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த அந்த விடுதியில் கட்டில்கள் நூற்றிருபது, பெண்கள் இருநூற்று நாற்பது. கணக்கு உதைக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். பகல் ஷிப்டுக்காரி எழுந்து போன கட்டிலில் இரவு ஷிப்டுக்காரி வந்து விழுவாள். கட்டிலுக்கு ஓய்வு கிடையாது, அவ்வளவுதான். ஒரே கட்டிலைப் பங்கு போடுகிற இருவரும் ஒருவரையொருவர் சக்களத்தி என்று சொல்லிக்கொள்வது அங்கே வழக்கம். தலையணை உறையைச் சக்களத்தி மாற்றவில்லை என்று ஒருத்தி குறைப்பட, புருசனே இல்லாத வீட்டில் என்னடி சக்களத்திச் சண்டை என்று இன்னொருத்தி கேட்க, சாப்பாட்டுக் கூடம் கொஞ்ச நேரம் கலகலக்கும்.

பதினேழாம் கட்டில் பூங்காவனத்துக்கும் ஜெசிந்தாவுக்கும் சொந்தம். எட்டு மாதமாக ஒரே மெத்தையில் படுக்கிறார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததில்லை. பூங்காவனம் இரவு வேலை முடிந்து காலை எட்டரைக்கு அறைக்கு வரும்போது ஜெசிந்தா ஏழு மணி பஸ்ஸில் போயிருப்பாள். அவள் திரும்பும்போது இவள் போயிருப்பாள். வார விடுமுறைக்காரர்களுக்குப் பின்கட்டில் தனிக் கூடம், அன்றைக்கு அறைப் பக்கம் வரக் கூடாது என்பது விடுதியின் சட்டம். ஆகவே பூங்காவனம் அறிந்த ஜெசிந்தா என்பது தலையணையில் ஒட்டியிருக்கும் இரண்டு நீள முடி, மூன்றாக மடித்த போர்வை, குளிர்ந்த பக்கம் மேலே வரும்படி புரட்டிப் போட்ட தலையணை. அப்புறம் அந்தத் தலையணைக்கு அடியில் இருக்கும் சீட்டு.

ஃபேனை நாலில் வைத்தால் சத்தம் போடுகிறது, மூன்றில் வையுங்கள் அக்கா என்றுதான் முதல் சீட்டு வந்தது. அங்கிருந்து சீட்டுகள் வளர்ந்து பிள்ளைகளைப் பற்றிய பேச்சுக்கு வந்து சேர்ந்தன. ஜெசிந்தாவுக்கு ஐந்து வயதில் ஒரு மகன், பெயர் ஜெரோம், மணப்பாட்டில் அவளுடைய நாத்தனாரிடம் வளர்கிறான். பூங்காவனத்துக்கு ஆறு வயதில் தன்விகா. போளூர் பக்கத்தில் அக்கா அலமேலு வீட்டில் இருக்கிறாள். பெங்களூருக்குப் போன புருசன் போனவன்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான்கு நாள் விடுப்பு, அதுவும் ஆள் பற்றாக்குறை என்றால் தள்ளிப் போகும். போன் நம்பர் கேட்டு வாங்கினால் ஒரு நொடியில் இருவரும் பேசியிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. சீட்டைப் பிரிக்கும்போது வருகிற ருசி போனில் வராது என்று பூங்காவனம் நினைத்தாள்.

கனாக்கரை என்ற விளையாட்டைப் பற்றிச் சீட்டில் எழுதியது ஜெசிந்தாதான். நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கினால் போதும், தூக்கத்துக்குள் ஒரு ஊர் வரும். தெரு வரும், குளம் வரும், குளக்கரையில் ஊஞ்சல் வரும். இதெல்லாம் இலவசம். குளத்துக்குப் பின்னால் ஒரு நெடுஞ்சுவர், அதில் ஒரு கதவு, கதவில் மரியாதையான ஓர் அறிவிப்பு: கடற்கரைக்கு உங்களுடன் ஒருவரை அழைத்துச் செல்லலாம், கட்டணம் செலுத்தித் திறக்கவும். அழைத்துப் போகிறவர் படம் மாதிரி வர மாட்டாராம். கையில் கனம் தெரியும், தலையில் வாசம் வரும், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாராம். அந்தக் கட்டணம் விடுதிப் பெண்களில் யாருக்கும் எட்டாது.

பழைய பட்டை ஒன்றை ஜெசிந்தா யாரிடமோ வாங்கித் தன் பெயரில் பதிந்து வைத்திருந்தாள். பகலில் நீங்களும் கட்டிப் பாருங்கள் அக்கா என்று தலையணைக்கடியில் வைத்துப் போனாள். பூங்காவனம் கட்டிப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் பட்டை தூங்குகிறவளின் நாடியைப் பார்த்து, இவள்தானா அவள் என்று விளையாட்டுக் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளும், வேறு ஆள் என்றால் தெருமுனைக்குக் கூட விடாது. அதற்குப் பிறகு ஒரு நாள் வந்த சீட்டில் ஜெசிந்தா இப்படி எழுதியிருந்தாள்: "அக்கா, சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இரையுது. எங்க ஊர்க் கடல் மாதிரியே இரையுது. ஜெரோமைத் தூக்கிட்டு ஒரே ஒரு தடவை உள்ள போயிட்டா போதும்."

பூங்காவனம் அதை இரண்டு தடவை படித்தாள். கடலை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு தடவை என்பது அவளுக்கும் புரியும்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டில்லிபாபு கடை. போன் சரிசெய்வான், கூடவே கள்ளச்சாவியும் போடுவான் என்று விடுதியில் பேச்சு. பட்டைக்குள் ஏதோ ஒன்றை ஏற்றிவிட்டால் பூட்டிய கதவெல்லாம் திறந்துகொள்ளும், யார் கட்டினாலும் வழிவிடும். எவ்வளவு என்று பூங்காவனம் கேட்டதற்கு, ஒன்றும் வேண்டாம் என்றான். இருபத்தாறு இருபத்தேழு வயதுக்காரன், நியாயம் பேசுகிறவன்.

"கனவுக்குப் போயி பூட்டு போட்டு வெச்சிக்கிறானுங்கக்கா. நம்ம தூக்கம், நம்ம புள்ள, நம்ம பாக்கறதுக்கு அவனுக்கு இன்னாத்துக்குக் காசு?"

ஓசியில் வருவது பயமாக இருக்கிறது தம்பி என்று இவள் இழுத்தாள். அவன் தன் நெற்றியைக் காட்டி, ஏற்றுகிற ஒவ்வொரு பட்டையையும் தானே கட்டிப் பத்து நிமிஷம் கண்ணயர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பதாகச் சொன்னான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் ஊரில் சொல்லத்தான் சொல்கிறார்கள். ஆனால் கால் வைக்காமல் ஆழம் எப்படித் தெரியும் என்பதற்கு யாரும் பதில் சொல்லி வைக்கவில்லை. பூங்காவனம் பட்டையைக் கொடுத்தாள்.

மறுநாள் காலை பத்து மணி. ஜன்னலில் வெயில், திரைச்சீலையில் மஞ்சள் வெளிச்சம். பூங்காவனம் கண்ணை மூடியதும் தெரு வந்தது, குளம் வந்தது, சுவரும் வந்தது. கதவு திறந்து கிடந்தது. வாசலில் நின்ற ஒரு படகுக்காரன் முகம் காட்டாமல், யாரைக் கூட்டிக்கொண்டு போகிறாய் என்று கேட்டான். என் பொண்ணை என்றாள். இடுப்பில் கனம் ஏறியது. திரும்பினால் தன்விகா. சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு, எண்ணெய் வைத்த தலையோடு, அப்படியே இருந்தாள்.

"ம்மா, இதான் கடலா? அப்புறம்?"

எதைச் சொன்னாலும் முடிவில் அப்புறம் என்று கேட்கிற பிள்ளை அது. இருவரும் ஈர மணலில் நடந்தார்கள். தண்ணீர் வந்து பாதத்தை நனைத்துவிட்டுப் போனது, பின்பு மெதுவாக வானமும் இறங்கி வந்து நனைத்துவிட்டுப் போனது. தூரத்தில் படகுகள் நீரிலும் இல்லாமல் காற்றிலும் இல்லாமல் நின்றன. பூங்காவனம் மணலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னினாள். பின்னப் பின்ன முடி நீண்டுகொண்டே போனது, அதனால் நேரமும் தீரவில்லை. எழுந்தபோது மூன்றரை மணி. தலையணை நனைந்திருந்தது. எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் சந்தோஷமாக வேலைக்குப் போனாள்.

கதவு திறக்கிறது என்று எழுதி வைத்ததற்கு மறுநாள் வந்த ஜெசிந்தாவின் சீட்டில் எழுத்தே இல்லை, ஒரு சின்னப் படகு மட்டும் வரைந்திருந்தாள்.

பிறகு வந்த நாட்களில் வினோதமான சில லாபங்கள் கிடைத்தன. பஸ்ஸில் வரும்போது காற்று முகத்தில் பட்டால் மீனவர்கள் சொல்வது போல இது கொண்டல், இது வாடை, இது கச்சான் என்று பூங்காவனத்துக்குத் தெரிந்தது. யார் சொல்லிக் கொடுத்தது என்று யோசித்தால் தெரியவில்லை. கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்துகிறவள், சாப்பாட்டுக் கூடத்தில் இன்னும் ஒரு துண்டு கேட்டு வாங்கினாள். அந்தப் பக்கம் ஜெசிந்தா, அக்கா எனக்குத் திடீரென்று கேழ்வரகுக் களி தின்ன ஆசையாக இருக்கிறது, நான் அதைப் பார்த்ததே கிடையாது என்று எழுதினாள். இருவரும் அதைச் சீட்டிலேயே சிரித்துக்கொண்டார்கள். ஒரே தலையணை, அதனால் புத்தியும் ஒட்டிக்கொண்டது என்றாள் பூங்காவனம்.

மூன்றாவது வாரம் கடற்கரையில் ஒரு பையன் தென்பட்டான். வெகு தூரத்தில், படகு நிழலில் நின்றான். யார் என்று தன்விகாவைக் கேட்டாள், அவளுக்கும் தெரியவில்லை. அடுத்த நாள் கொஞ்சம் கிட்ட வந்தான். அதற்கடுத்த நாள் ஒரு நண்டு குறுக்கே ஓட, பயந்து ஓடி வந்து பூங்காவனத்தின் காலைக் கட்டிக்கொண்டான். அவள் குனிந்து தூக்கினாள். வலது காதில் சீழ் வந்து ஆறிய பிள்ளை, எது சொன்னாலும் இடது காதைத் திருப்புவான், அதனால் அவனை எப்போதும் வலது இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். இது அவளுக்குச் சொல்லாமலே தெரிந்தது. தன்விகா பக்கத்தில் நடந்து வந்தாள்.

அப்புறம் தன்விகா நான்கு அடி பின்னால் வந்தாள். அப்புறம் படகு நிழலில் நின்றாள். ஒரு நாள் படகுக்காரன் யாரை என்று கேட்டபோது பூங்காவனம் பதில் சொல்வதற்குள் பையன் இடுப்பில் இருந்தான். கடற்கரை முழுக்கத் தேடியும் தன்விகா இல்லை. தேடினாள் என்றுதான் சொல்கிறேன், ஆனால் உண்மையில் அவள் ரொம்பத் தேடவில்லை. பையன் மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தான், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் போட்டுப் பிள்ளையிடம் கொடுத்தாள். திரையில் தன்விகா வாயைத் திறந்து காட்டினாள், முன்னால் ஒரு ஓட்டை.

"ம்மா, பல்லு வுழுந்துட்ச்சி. கூரை மேல போட்டுட்டோம்."

"அப்படியா. நல்லது," என்றாள் பூங்காவனம்.

பிள்ளை இன்னும் கொஞ்சம் காத்திருந்தது. பிறகு கேட்டது: "ம்மா, நீ எம்மேல கோவமா இருக்கியா?"

இல்லையே என்றாள். அது பொய் இல்லை. கோபம் இல்லை, எதுவுமே இல்லை. அந்த முகம் அவளுக்குத் தெரியும், பிறந்த தேதி தெரியும், எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்குப் பிறந்தாள் என்பதும் தெரியும். அலமேலு அக்காவின் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றியும் அவளுக்கு இப்படிச் சில விவரங்கள் தெரியும். போனை வைத்துவிட்டு ஜெரோமுக்குப் பல் விழுந்தால் யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று நினைத்தாள், உடனே அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதுதான் பயம் பிடித்தது. யாருக்காக அழுகிறோம் என்று அப்போதுதான் அவள் கவனித்தாள்.

அன்றோடு பட்டையைக் கட்டுவதை நிறுத்தி, அதைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள். கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். ஒரு இனிமையான குரல், அனுமதியற்ற சாவி பயன்படுத்தப்பட்டிருப்பதால் இழப்புகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று மூன்று மொழிகளில் சொன்னது. வியாழக்கிழமை மாலை வேலைக்குப் போகும் வழியில் டில்லிபாபு கடையில் போய் நின்றாள். அவன் அவளை நிமிர்ந்து பார்த்ததுமே விஷயம் புரிந்தவனாக ஸ்டூலைத் தள்ளிப் போட்டான். அன்றைக்கு வந்தவர்களில் அவள் ஐந்தாவது ஆள்.

"கல்யாண வூட்டுக்கு அக்கம்பக்கத்துல பாத்திரம் வாங்குவோம் இல்லக்கா," என்று ஆரம்பித்தான். "அண்டா, குண்டான், கரண்டி எல்லாம். அதுல பேரு வெட்டியிருக்கும். கல்யாணம் முடிஞ்சதும் ஒருத்தரு ஒக்காந்து பேரு பாத்துப் பாத்து அவங்கவங்க வூட்டுக்கு அனுப்புவாரு. இந்த வெளாட்டும் அப்டித்தான். அவங்கிட்ட கடலும் இல்ல, புள்ளயும் இல்ல. எல்லாம் உன் மனசுலேர்ந்து வாங்கித்தான் கட்டுறான். நீ கண்ணு முழிக்கறதுக்கு முன்ன கம்பெனி பேரு பாத்துத் திருப்பிக் குடுத்துடும்."

"உன் சாவி?"

"இவதானா அவளுன்னு கேக்குற பூட்டும், பேரு பாத்து அனுப்புற ஆளும் ஒண்ணுதான்க்கா. எனக்குத் தெரியாது. பூட்டை ஒடைக்கறன்னு அந்த ஆளையும் சேத்து வெளிய அனுப்பிட்டேன். இப்ப பட்டையில யாரு எதைக் கழட்டி வெக்கறாங்களோ, அடுத்து கட்டுறவங்க அதை எடுத்துக்கினு எழுந்திரிக்கறாங்க."

பூங்காவனத்துக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் பாவமாக இருந்தான். எத்தனையோ பட்டைகளைக் கட்டிப் பத்துப் பத்து நிமிஷம் தூங்கியவன் அவன். பஸ்ஸில் ஊர்ப் பெயரைப் பார்த்தால் அழுகை வருகிறதாம். செங்கோட்டை என்று போட்டாலும் வருகிறது, பண்ருட்டி என்று போட்டாலும் வருகிறது, இரண்டு ஊருக்கும் போனதில்லை. தன் சொந்த ஊரான தாம்பரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் மட்டும் ஒன்றும் தோன்றவில்லை என்று அவன் சொன்னான்.

என் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாள் என்று பூங்காவனம் கேட்டாள். அவன் விரல் விட்டுச் சொன்னான். அவள் பிள்ளையின் மேலிருந்த பாசம் ஜெசிந்தாவிடம் இருக்கிறது. ஜெசிந்தாவின் பிள்ளை மேலுள்ளது இவளிடம். மாற்றிக்கொள்ளலாம், அதற்கு மூன்று தூக்கம் வேண்டும். முதலில் ஜெசிந்தா தூங்கித் தன்னிடம் இருப்பதைக் கழற்றி வைக்க வேண்டும். பிறகு இவள் தூங்கி இதை வைத்துவிட்டு அதை எடுக்க வேண்டும். பிறகு மறுபடியும் ஜெசிந்தா தூங்கித் தன்னுடையதை எடுக்க வேண்டும்.

"ஆனா கம்பெனிக்காரன் சாவியைக் கண்டுபுடிச்சிட்டான். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு இந்த மாதிரிப் பட்டை அத்தனையும் ஒரேயடியா அழிச்சிடுவானாம். இன்னிக்கு ராத்திரி அவங்க தூக்கம், நாளைக்குக் காலைல உன் தூக்கம். முழுசா மாறணும்னா முழுத் தூக்கம் வேணும், பத்து நிமிஷத்துல துணுக்குதான் ஒட்டும். ரெண்டு தூக்கம்தான் இருக்குது. மூணாவதுக்கு நேரமே இல்லக்கா."

பூங்காவனத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதில் ஒன்றை மட்டும் அவள் மனம் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தது. ஜெசிந்தாவிடம் ஒன்றும் சொல்லாமல் பட்டையை மட்டும் வைத்துவிட்டால், வழக்கம்போல் இன்றிரவு அவள் பட்டையைக் கட்டுவாள், தன்விகாவைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வேலைக்குப் போவாள். காலையில் இவள் கட்டினால் போதும். ஜெரோம் பட்டையில் கிடந்து ஐந்து மணிக்கு அழிந்து போவான். யாருக்கும் தெரியாது. ஒரு தாய்க்குத் தன் பிள்ளை மேல் இருந்தது போய்விடும், அவ்வளவுதான். அவள் அதை நினைத்ததும், நினைத்தவளை வேறொருத்தி உள்ளிருந்து உலுக்கினாள். அந்தப் பிள்ளையைப் பட்டையில் விட்டுவிட்டு எழுந்து வருவதா? நண்டுக்குப் பயப்படுகிற பிள்ளையையா? அவள் விடுதிக்குத் திரும்பி ஓடினாள். தன்விகாவுக்குப் பல் விழுந்ததையும் டில்லிபாபு சொன்னதையும் எதையும் விடாமல் ஒரு சீட்டில் எழுதி, பட்டையையும் சீட்டையும் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்தாள்.

மறுநாள் காலை அறைக்கு வந்தபோது கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகவில்லை, சீருடை கூட மாட்டவில்லை. மடியில் பட்டை கிடந்தது. கண்கள் சிவந்திருந்தன. பூங்காவனத்தைவிட இரண்டு மூன்று வயது சின்னவள், நீளமான முடி. பதினேழாம் கட்டிலில் ஒன்பது மாதத்தில் முதல்முறையாக இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

"தன்விகாவுக்குப் பல்லு மொளைக்க ஆரம்பிச்சிட்டாக்கா?" என்று கேட்டாள் ஜெசிந்தா. கேட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

பூங்காவனம் பையைக் கீழே வைத்தாள். தன் வயிற்றில் பிறந்த பிள்ளையின் பெயரை இன்னொருத்தி சொல்லும்போது அந்தக் குரலில் இருந்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். அது ஒரு காலத்தில் அவளிடம் இருந்த பொருள்.

"ராத்திரி பூரா இதைக் கையில வச்சிக்கிட்டே இருந்தேங்க்கா. உங்க சீட்டைப் படிச்சேன். கட்டிப் படுத்தா ஒங்க பிள்ள ஒங்களுக்கு வந்துரும், அது எனக்குத் தெரியுது. எனக்கு எம் பிள்ள வராதுங்கறதும் தெரியுது. ஆனா அதுக்காவ இல்ல. எம் மவன் போன்ல பேசுதான், எனக்கு உள்ள ஒண்ணுமே அசையல. பாக்கி இருக்கது தன்விகா மட்டும்தான். அவளையும் கழட்டி வச்சிட்டா நான் வெறும் ஆளாத்தான எந்திரிப்பேன். என்னால முடியலக்கா. மன்னிச்சிருங்க."

பூங்காவனத்துக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. ராத்திரி முழுக்க இயந்திரத்தின் முன்னால் நின்று அவளும் இதையேதான் யோசித்தாள். பட்டையைக் கட்டினால் ஜெரோமை வைக்க வேண்டும். வைக்க மாட்டாள். அவளும் அதைச் சொன்னாள். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

பகல் மெல்ல நகர்ந்தது. திரைச்சீலையில் வெயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனது. இரண்டு பேருக்கும் தூக்கம் சொக்கியது, ஆனாலும் இருவரும் தூங்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் கை தானாகப் பட்டையைக் கட்டிவிடுமோ என்ற பயத்தில் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஜெரோமுக்குக் காது வலித்தால் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கச் சொல்லு என்றாள் பூங்காவனம். ஜெசிந்தா அதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டாள், அவனைப் பெற்றவள். தன்விகாவுக்குச் சட்டைக் காலரைக் கடிக்கிற பழக்கம் இருக்கிறதே, பயம் வந்தால்தான் கடிப்பாள், அப்போது திட்டக் கூடாது, மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்றாள் ஜெசிந்தா. இது பூங்காவனத்துக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் வாசித்துத் தெரிந்தது போல் இருந்தது.

பாதி விழிப்பும் பாதி மயக்கமுமாக அறைக்குள் ஏதோ இரைவது போலக் கேட்டது. கடலா, ஃபேனா என்று இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஐந்து மணிக்குப் பட்டையின் ஓரத்தில் எரிந்த நீலப் பொட்டு இரண்டு முறை மினுக்கி அணைந்தது. தெருவும் குளமும் நெடுஞ்சுவரும் கதவும் அதோடு போயின. ஜெசிந்தா பட்டையை அலமாரியின் அடித்தட்டில், பழைய செருப்புகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

அதற்குப் பிறகு இருவரும் வார்டனைக் கெஞ்சி ஞாயிற்றுக்கிழமையில் விடுமுறை மாற்றிக்கொண்டார்கள். பின்கட்டுக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாய். அக்கா வீட்டுக்குப் போன் போடுவார்கள், தன்விகாவிடம் ஜெசிந்தா பேசுவாள். அம்மாவின் சிநேகிதி, ஜெசி ஆன்ட்டி. மணப்பாட்டுக்குப் போன் போடுவார்கள், ஜெரோமிடம் பூங்காவனம் பேசுவாள். பிள்ளைகள் இரண்டும் தேறின. பசியோடு இருக்கும் பிள்ளைக்கு யார் வீட்டுச் சோறு என்றா தெரியும்? விடுதிப் பெண்கள் இதைப் பார்த்துவிட்டு ஏதோ கேலி பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அவர்களில் சிலரும் டில்லிபாபு கடைக்குப் போய் வந்தவர்கள்தான்.

ஜெசிந்தா பேசும்போது பூங்காவனம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். எந்த இடத்தில் சிரிக்கிறாள், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறாள், அப்புறம் என்று பிள்ளை கேட்டால் எவ்வளவு நேரம் இழுத்துப் பதில் சொல்கிறாள் என்றெல்லாம் மனப்பாடம் செய்வாள். கடைசியில் இரண்டு நிமிஷம் தானும் வாங்கிப் பேசுவாள். மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பாள். சரியாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே யாரும் இல்லாத வீட்டில் விளக்குப் போட்டது போல அவளுக்கே தோன்றும். போனை வைத்ததும் களைத்துப் போவாள். இப்படி நான்கு மாதம் ஓடியது. விடுப்பு கிடைத்தும் ஊருக்குப் போக அவளுக்குத் தைரியம் வரவில்லை. நேரில் பார்த்தால் பிள்ளை கண்டுபிடித்துவிடும் என்று பயந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு. ஜெசிந்தா துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தாள். போன் வந்தது, பூங்காவனமே எடுத்தாள். திரையில் தன்விகா. முன்வாயில் புதுப்பல் பாதி எட்டிப் பார்த்தது. பள்ளிக்கூடத்தில் எதற்கோ பரிசு வாங்கியிருந்தாள், ஒரு டப்பாவை ஆட்டிக் காட்டினாள். பூங்காவனம் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தாள். பிள்ளை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

"ம்மா, ஆன்ட்டியாண்ட குடு."

"ஆன்ட்டி மாடியில இருக்காங்க. எங்கிட்ட சொல்லு."

"பரவால்ல. நான் ஆன்ட்டி வர வரைக்கும் இருக்கறன்," என்றது பிள்ளை. மரியாதையாகச் சொன்னது. பஸ் நிறுத்தத்தில் தெரியாதவர்களிடம் பேசுவது போல அவ்வளவு மரியாதை.

பூங்காவனத்துக்கு வயிறு எரிந்தது. முதலில் அது என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை, காலையில் சாப்பிட்டது சேரவில்லை என்று நினைத்தாள். இது என் பிள்ளை, நான் பெற்ற பிள்ளை, யாரைக் கேட்கிறது பார் என்று ஒரு ஆங்காரம் கண்ணை மறைத்தது. இந்த எரிச்சலை ஜெசிந்தா எங்கும் கழற்றி வைக்கவில்லை. எந்தப் பட்டையும் இவளுக்கு இதைக் கொடுக்கவில்லை. மாடிப்படியில் காலடி கேட்டது. தன்விகா போனா என்று கேட்டபடியே, முகமெல்லாம் வெளிச்சமாக, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஜெசிந்தா வேகமாக இறங்கி வந்தாள்.

"இரு," என்றாள் பூங்காவனம் திரையைப் பார்த்து. குரல் உடைந்து, மனப்பாடம் செய்தது அத்தனையும் மறந்து போயிருந்தது. "அம்மா இன்னும் பேசி முடிக்கல. டப்பாவுல இன்னா இருக்குது? தொறந்து காட்டு."

"உனக்கா?" என்று பிள்ளை ஆச்சரியமாகக் கேட்டது. பிறகு காலரை வாயில் வைத்துக்கொண்டு டப்பாவைத் திறக்க ஆரம்பித்தது.

ஜெசிந்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வழக்கம்போல் கையை நீட்டினாள். தன்விகாவிடம் போய்ச் சேர அவளுக்கு அந்த நீட்டிய கையைத் தவிர வேறு வழியில்லை என்று பூங்காவனத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவள் போனைக் கொடுக்கவில்லை.